கோச் கார்ட்டர்: பூட்டின ஜிம்மும் 'சார்'ங்கிற ஒரு வார்த்தையும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு படம். 'கோச் கார்ட்டர்'. 2005-ல வந்தது, சாமுவேல் எல். ஜாக்சன் நடிச்சது. பழைய படம்தானேன்னு தள்ளிவிட்டுடாதீங்க. நேத்து ராத்திரி நாலாவது தடவையா பார்த்தேன், முடிஞ்சதும் தூக்கமே வரலை. முடிவு வரைக்கும் பேசப்போறேன். இன்னும் பார்க்காதவங்க, பார்த்துட்டு வாங்க.

கலிபோர்னியாவுல, சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரமா ரிச்மண்ட்னு ஒரு ஊர். ஏழைங்க நிறைய, துப்பாக்கிச் சத்தமும் நிறைய. அங்க இருக்கிற ரிச்மண்ட் ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் டீம் தோத்துக்கிட்டே இருக்கு. பசங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. அதே ஸ்கூல்ல படிச்சு, அதே கோர்ட்ல விளையாடி ரெக்கார்டு வச்சவர் கென் கார்ட்டர். இப்போ ஸ்போர்ட்ஸ் கடை வச்சிருக்கார். அவரைக் கோச்சா வரச் சொல்றாங்க. இது நிஜ மனுஷனோட கதைங்க.

முதல் நாள் ஜிம்முக்குள்ள வர்றார். கோட்டு, டை. பசங்களைப் பார்த்து 'சார்'னு கூப்பிடுறார். பதினேழு வயசுப் பையனை! அவங்களுக்கு நக்கலாத் தெரியுது. அதுக்கு அவர் சொல்றதோட சாரம் இதுதான்: சார்ங்கிறது மரியாதை, நீங்களா அதைக் கெடுத்துக்கிற வரைக்கும் என் மரியாதை உங்களுக்கு உண்டு. இந்த இடத்துல நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திட்டு ரிவைண்ட் பண்றேன். அந்தப் பசங்களை அதுவரைக்கும் யாரு அப்படிக் கூப்பிட்டிருப்பா? போலீஸ் கூப்பிட்டிருக்குமா, வாத்தியார் கூப்பிட்டிருப்பாரா?

அப்புறம் ஒரு காண்ட்ராக்ட் நீட்டுறார். எல்லா கிளாஸுக்கும் போகணும், முதல் வரிசையில உட்காரணும், மேட்ச் அன்னைக்கு டை கட்டணும், மார்க் சராசரி 4-க்கு 2.3 இருக்கணும். 2.0 இருந்தாலே விளையாடலாமேன்னு பெத்தவங்களே சண்டைக்கு வர்றாங்க. அவர் ஒரு புள்ளி இறங்கலை.

டீமோ கிரூஸ்னு ஒருத்தன். முதல் நாளே கோச் மேல கை ஓங்கிட்டு வெளிய போனவன். திரும்பி வந்து சேர்த்துக்கங்கன்னு நிக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள 2,500 புஷ்-அப், அது போக கோர்ட்ல ஒவ்வொரு கோடா தொட்டுட்டுத் திரும்பி ஓடி வர்றது 1,000 தடவைன்னு கணக்குச் சொல்றார். யாராலயும் முடியாது. பையன் ராத்திரி பகலா எடுக்கிறான், கை நடுங்குது, சட்டை ஒட்டிக்கிட்டு நிக்குது, ஆனா வெள்ளிக்கிழமை வந்துருச்சு. இன்னும் 500 புஷ்-அப் பாக்கி, 80 ஓட்டம் பாக்கி. கிளம்புப்பான்னு சொல்லிடுறார். அப்போ இன்னொரு பையன், சானிங் டேட்டம் நடிச்ச ரோல், எழுந்து, அவனுக்காக நான் எடுக்கிறேன்னு தரையில கை ஊன்றான். அடுத்தவன் நான் ஓடுறேன்னு வர்றான். ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா எல்லாரும் இறங்குறாங்க. கோச் முகத்தைப் பாருங்க, சிரிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது இதுதான்னு கண்ணுல தெரியும்.

டீம் ஜெயிக்க ஆரம்பிக்குது. இங்கதான் படம் எனக்குப் பிடிச்ச திருப்பத்துக்கு வருது. மார்க் ரிப்போர்ட் கைக்கு வருது, பல பேர் ஃபெயில். ஒரு மேட்ச் கூடத் தோக்காத டீமோட ஜிம் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டு, எல்லாரையும் லைப்ரரிக்குப் போகச் சொல்றார். நிஜத்துலயும் இது நடந்துச்சு, 1999 ஜனவரியில. அப்போ அந்த டீம் 13-க்கு 13 ஜெயிச்சிருந்துச்சு. ஊரே கொதிச்சுது. படத்துல சிக்னல்ல நிக்கிற அவர் கார் கண்ணாடியில ஒருத்தன் காறித் துப்புறான்.

ஏன் இது என்னை இவ்வளவு தொடுதுன்னு சொல்றேன். எங்க ஸ்கூல் வாலிபால் டீம்ல ஒரு அண்ணன் இருந்தார். ஸ்மாஷ் அடிச்சா எதிர் டீம் ஒதுங்கிடும். ஜோன் மேட்ச், டிஸ்ட்ரிக்ட் மேட்ச்னு ஓ.டி. (விளையாடப் போறதுக்கான 'ஆன் டியூட்டி' அனுமதி) போட்டுப் போட்டு பாதி வருஷம் அவர் கிளாஸ்லயே இல்லை. பப்ளிக் எக்ஸாம்ல மூணு பாடம் போச்சு. அன்னைக்கு அவர் வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகலை. ஷீல்டு மட்டும் ஹெச்.எம். ரூம் அலமாரியில பளபளன்னு இருந்துச்சு. அவருக்காக ஒரு கதவைப் பூட்ட யாருமே இல்லையேன்னு இப்போ நினைச்சாலும் மனசு கனக்குது.

படத்துல எல்லாம் சரியா இல்லை. டீம்ல ஒருத்தனான கென்யன், அவன் காதலி கதையை இன்னும் நிதானமா சொல்லியிருக்கலாம். பார்ட்டி சீனை அவ்வளவு இழுத்திருக்க வேண்டாம். விடுங்க.

படத்துல கடைசியா, ஸ்கூலை நிர்வாகம் பண்ற போர்டு ஓட்டுப் போட்டு ஜிம்மைத் திறக்கச் சொல்லிடுது. தோத்துட்டோம்னு வேலையை விடப்போற கார்ட்டர் கடைசியா உள்ள எட்டிப் பார்க்கிறார். கோர்ட் நடுவுல வரிசையா டெஸ்க். பசங்க குனிஞ்சு படிச்சுக்கிட்டு இருக்காங்க. சங்கிலியைத்தான் அவங்களால அறுக்க முடியும், எங்களை ஆட வைக்க முடியாதுன்னு ஒருத்தன் சொல்றான். அப்புறம் கிரூஸ் எழுந்து நிக்கிறான். தெருவுல சொந்தக்காரன் சுடப்பட்டுச் செத்ததைக் கண்ணால பார்த்துட்டு, ராத்திரியில கோச் வீட்டு வாசல்ல வந்து அழுத அதே கிரூஸ். மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டு, என் உயிரைக் காப்பாத்தினீங்கன்னு நன்றி சொல்றான். 'சார்'னு கூப்பிட்டுச் சொல்றான். முதல் நாள் கை ஓங்கின பையன்.

கடைசி மேட்ச்ல தோத்துடுறாங்க, கடைசி நொடியில. அழுதுக்கிட்டு நிக்கிற பசங்களைக் கோச் பேசித் தேத்துறார். அப்புறம் திரையில ஆறு பசங்களோட பேரு ஒவ்வொண்ணா வருது, கூடவே அவன் போய்ச் சேர்ந்த காலேஜ் பேரு. நேத்து அந்த எழுத்தெல்லாம் முடியற வரைக்கும் நான் லைட்டைக் கூடப் போடலை.