குழம்பு கொதிக்கிறது அடுப்பில், ருசி முடிவாகிறது கடையில்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பனியில துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கம்.

இன்னைக்கு மாட்டுப்பொங்கல். திருவள்ளுவர் தினம்னு அரசாங்கமே கறிக்கடைகளை அடைக்கச் சொல்லியிருக்கு. கடை அடைச்ச அன்னைக்கு ராத்திரி, ‘ஆட்டுக்கறிக் குழம்பின் ருசிக்குப் பெரிதும் காரணம் வாங்குகிற கையா, சமைக்கிற கையா?’ன்னு தலைப்பு வச்ச விழாக் கமிட்டிக்கு நெஞ்சுரம் அதிகம். நான் வாங்குகிற கைக்காகப் பேச வந்திருக்கேன்.

வள்ளுவர் பேரைச் சொன்னதும் எதிரணித் தலைவர் அண்ணன் சிரிக்கிறார். புலால் மறுத்தல்னு பத்துக் குறள் எழுதினவரை இந்த மேடைக்கு எப்படிக் கூட்டிட்டு வருவேன்னு பார்க்கிறார். வருவேன் அண்ணே. அந்த அதிகாரத்துல தின்கிறவனைச் சொல்றார், கொல்றவனைச் சொல்றார். ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்’னு, விலைக்கு விக்கிறவனையும் விடல. பத்துக் குறள்லயும் தேடிப் பாருங்க, சமைக்கிறவங்களைப் பத்தி ஒரு சொல் கிடையாது. குற்றப் பத்திரிகையிலயே பேரு இல்லாதவங்க, பரிசு கொடுக்கிறப்ப மட்டும் முதல் வரிசையில வந்து நின்னா எப்படி?

எனக்கு முன்னால பேசின எதிரணித் தங்கச்சி சபையைக் கொஞ்சம் கலங்க வச்சிட்டாங்க. “அப்பா பையைத் தூக்கிட்டுப் போய்ப் பத்து நிமிஷத்துல திரும்பிடுவார், அம்மா மூணு மணி நேரம் அடுப்புல வேகணும்”னு சொன்னாங்க. கைதட்டலும் வாங்கினாங்க. அந்த அனல் உண்மை, நான் மறுக்கல. நானும் நிக்கிறவதான். ஆனா தலைப்பு யாருக்குக் கஷ்டம் அதிகம்னு கேட்கல, ருசிக்கு யார் காரணம்னு கேட்குது. அதோட, வாங்குறது ஆம்பளை, சமைக்கிறது பொம்பளைன்னு யார் பிரிச்சது? எங்க அப்பத்தா மருமக வந்ததும் அடுப்பை விட்டுக்கொடுத்தாங்க, அஞ்சறைப் பெட்டியை விட்டுக்கொடுத்தாங்க, இடுப்புல இருந்த சாவிக்கொத்தைக்கூட ஒரு நல்ல நாள்ல கழட்டிக் கொடுத்தாங்க. கறிக்கடைக்குப் போற தூக்குவாளியை மட்டும் கடைசி வரைக்கும் கொடுக்கல. எதைக் கொடுத்தா வீட்டு ருசி கைவிட்டுப் போகும்னு அந்த மனுஷிக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, கடைக்கு வருவோம்.

கடை வாசல்ல உரிச்ச உடம்பு தொங்குது. வாங்கத் தெரியாதவங்க நேரா விலைப்பலகையைப் பார்ப்பாங்க. வாங்கத் தெரிஞ்சவங்க முதல்ல வாலைப் பார்ப்பாங்க. தோலை முழுசா உரிச்சாலும் வாலைக் கொஞ்சம் விட்டு வச்சிருப்பாங்க. குட்டையா மேல நோக்கி நின்னா வெள்ளாடு, தொங்குனா செம்மறி. அடுத்து முதுகுப்பக்கக் கொழுப்பு. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயித்துக்குள்ள, குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுத்தித்தான் சேரும், தோலுக்கடியில மெல்லிசாத்தான் இருக்கும். செம்மறிக்கு முதுகு மேலயே தடிமனாப் படிஞ்சிருக்கும். செம்மறி மட்டம்னு நான் சொல்லல, மேச்சேரி ஆட்டைத் தின்னு வளர்ந்தவங்க என்னை அடிக்க வந்துடுவாங்க. ஆனா வெள்ளாட்டை நினைச்சு அரைச்ச மசாலா செம்மறிக் கொழுப்புல விழுந்தா குழம்பு வேற குழம்பாயிடும். எந்த ஆடுன்னு தெரியாம அரைக்கிற அம்மிக்கு என்ன மரியாதை இருக்கு?

வாலுக்கு அடுத்தது பல்லு. கடையோரத்துல வெட்டின தலை இருக்குமே, அதோட வாயைத் திறந்து பார்க்கணும். ஆட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கிடையாது. கீழ எட்டு. அந்த எட்டும் பொடிப் பொடியா இருந்தா பால் பல்லு, ஒரு வயசுக்கு உள்பட்ட குட்டி. நடுவுல ரெண்டு மட்டும் பெருசா முளைச்சிருந்தா ஒரு வயசைத் தாண்டியாச்சு. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில போய் நில்லுங்க, ஆட்டோட வயசை வருஷக் கணக்குல யாரும் சொல்ல மாட்டாங்க. ‘ரெண்டு பல்லு’, ‘நாலு பல்லு’ன்னுதான் பேச்சு. கூடவே, விரை எடுத்த கிடாயா, எடுக்காம வளர்த்த பொலிகிடாயாங்கிறதும் தெரியணும். பருவம் முத்தின பொலிகிடாயோட கொழுப்புல ஒரு வாடை ஏறியிருக்கும். இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, கொத்தமல்லித் தழை எதைப் போட்டாலும் முதல் வாய்க்குத்தான் மறைக்கும். மூணாவது வாயில அந்த வாடை எழுந்து வந்து பக்கத்துல உட்காரும்.

எதிரணிப் பேராசிரியர் அண்ணன் சங்க இலக்கியத்துக்குப் போனார், அந்தக் காலத்து ஊன் சோற்றையும் சூட்டுக்கறியையும் சொல்லி, சமையல்தான் பெருசுன்னார். அதே இலக்கியத்துல, கரிகாலன் பொருநனுக்குப் போட்ட விருந்தை முடத்தாமக்கண்ணியார் பாடுறார் பாருங்க: ‘துராஅய் துற்றிய துருவையம் புழுக்கின் பராஅரை வேவை’. அறுகம்புல்லைத் தின்னு வளர்ந்த செம்மறியோட பருத்த தொடையை வேக வச்சதுன்னு அர்த்தம். கவனிங்க நடுவர் அவர்களே. ஆடு என்ன தின்னுச்சுன்னு சொல்லியாச்சு, எந்த ஆடுன்னு சொல்லியாச்சு, எந்தப் பாகம்னும் சொல்லியாச்சு. சமையலுக்கு மிஞ்சினது ‘புழுக்கு’, ‘வேவை’ன்னு ரெண்டே சொல்லு. அவிச்சது, வெந்தது, அவ்வளவுதான்! என்ன மசாலா, எத்தனை விசில், ஒண்ணும் பாட்டுல இல்ல.

இப்போ நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடத்துக்கு வர்றேன். கறி வெட்டுற புளியமரக் கட்டை.

கடைக்காரர் கத்தியைத் தூக்கிட்டு “எவ்வளவு?”ன்னு கேட்பார். “ஒரு கிலோ”ன்னு மட்டும் சொன்னா உங்க வீட்டுக் குழம்பை அவர் தீர்மானிச்சிட்டார். “குழம்புக்கு அண்ணே”ன்னு சொல்றவங்க கொஞ்சம் பரவாயில்ல. தேர்ந்த கை என்ன சொல்லும் தெரியுமா? “முன்சப்பையில முக்கால், நெஞ்செலும்புல கால், நல்லி ரெண்டு போடுங்க, ஜவ்வை எடுத்துட்டு நிறுங்க.” ஏன் முன்சப்பை, ஏன் நெஞ்சு? ஆடு நாளெல்லாம் நடந்து, குனிஞ்சு மேயறப்போ உழைக்கிற பாகங்கள் அதெல்லாம். அங்கதான் தசைநார் அதிகம். அது ஈரச் சூட்டுல மெதுவா இளகி ஜெலட்டினா மாறி, குழம்புக்கு ஒரு பிசுபிசுப்புக் கொடுக்கும். மறுநாள் காலையில சட்டியைத் திறந்தா குழம்பு பாளமா உறைஞ்சிருக்கும், கரண்டி அப்படியே நிக்கும். “பழைய குழம்பைச் சுண்ட வைக்கிற எங்கம்மா கைப்பக்குவம்”னு அண்ணன் உருகினாரே, அந்தப் பக்குவத்துல பாதி நெஞ்செலும்போட குருத்து. அதே குழம்புக்கு எலும்பில்லாத் தொடைக்கறி வாங்கிட்டு வந்து கொடுங்க. உங்கம்மா எவ்வளவு சுண்ட வச்சாலும் தண்ணி தண்ணியாத்தான் நிக்கும், கறி சக்கையா வாயில சுத்தும்.

ஆனா தொடை வேண்டாத பாகம் இல்ல. மதுரைப் பக்கம் கோலா உருண்டைக்குக் கொத்துக்கறி வேணும்னா நார், கொழுப்பு நீக்கின தொடையைத்தான் கேட்டு வாங்கணும். ஜவ்வு கலந்தா உருண்டை எண்ணெயில விரிஞ்சு போகும். உப்புக்கறிக்கு நேர் எதிர், அங்கங்க கொழுப்பு ஒட்டின சின்னத் துண்டா இருக்கணும். எங்க சிவகங்கைச் சீமை உப்புக்கறியில என்ன போடுறோம்? சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டின வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய். ஒளிஞ்சுக்கிறதுக்கு மசாலாவே கிடையாது. கறி நல்லா இருந்தா உப்புக்கறி, இல்லேன்னா வெறும் உப்பு.

வெட்டுறதும் வாங்குறதுல சேர்ந்ததுதான். துண்டு ஒரே அளவா விழலேன்னா ஒண்ணு கரையும், ஒண்ணு வேகாது. மூட்டுல பிரிக்காம எலும்பு நடுவுல கத்தியைப் போட்டா சில்லு தெறிச்சுக் குழந்தை வாயில குத்தும். பக்கத்துல நின்னு பார்த்து வாங்கினா இது ரெண்டும் நடக்காது. சீக்கிரம் போறதும் ஒரு திறமை. ஆட்டுக்கு ஈரல் ஒண்ணு, சுவரொட்டிங்கிற மண்ணீரல் ஒண்ணு. ஆறு மணிக்குப் போனவருக்குச் சுவரொட்டி, எட்டு மணிக்குப் போனவருக்குக் கடைக்காரரோட சிரிப்பு. இன்னொண்ணு, நகராட்சி ஆடு அறுக்கிற கூடத்துல கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்தின கறியான்னு கேட்டு வாங்குறது வாய்ருசிக்கு இல்ல, வயித்துக்கு. அதுவும் வாங்குற கைதான் பார்க்கணும்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டு வர்ற வழியிலயும் விஷயம் இருக்கு. அறுத்த சூட்டோட வந்த கறியை உடனே அடுப்புல ஏத்தினா நல்லா வேகும். ‘ஞாயித்துக்கிழமைக்கு ஆகட்டும்’னு அதே சூட்டோட உறைபெட்டிக்குள்ள திணிச்சா தசை இழுத்துச் சுருங்கி விறைச்சிடும், அப்புறம் எத்தனை விசிலுக்கும் மசியாது. முதல் நாள் கீழ்த்தட்டுல சும்மா குளிர வச்சு, பிறகு உறைய வைக்கணும். எப்போ சமைக்கப் போறோம்னு தெரிஞ்சு, அதுக்கு ஏத்த நேரத்துல வாங்கணும்.

“முத்தின கறியா இருந்தா என்ன, குக்கர் இருக்கு, பப்பாளிக்காய் இருக்கு”ன்னு தங்கச்சி சொன்னாங்க. இருக்கு. குக்கருக்குள்ள தண்ணி நூறு டிகிரியைத் தாண்டி நூத்தி இருபதை ஒட்டிப் போகும், அதனால கறி சீக்கிரம் மெதுவாகும். பப்பாளிக்காயில இருக்கிற நொதி புரதத்தை அறுக்கும், கொஞ்சம் நேரம் கூடினா கறி கூழாகும். ரெண்டும் கறியை மெதுவாக்கும். மெதுவானதெல்லாம் ருசியானதுன்னு யார் சொன்னது? இளங்குட்டிக் கறியோட இனிப்பைக் கொண்டு வர குக்கர்ல எந்தப் பொத்தானும் இல்ல.

நியாயமா ஒண்ணை ஒத்துக்கிறேன். நல்ல கறியைச் சமைக்கிற கை கெடுக்க முடியும். உப்பைக் கொட்டலாம், அடிப்பிடிக்க விடலாம், கழுவுறேன்னு ஏழு தண்ணியில அலசிச் சாரத்தை எல்லாம் சாக்கடைக்கு அனுப்பலாம். கெடுக்கிற சக்தி அவங்ககிட்ட நிறைய இருக்கு. இல்லாததைக் கொண்டு வர்ற சக்திதான் இல்ல.

சந்தேகமா இருந்தா கிடாவெட்டுக்குப் போங்க. காட்டுக்கோயில், மூணு கல்லு, ஈர விறகு, புகை. சமைக்கிறது யாரு? அங்காளி பங்காளி. வீட்டுல வெந்நீர் வைக்கத் தெரியாத சித்தப்பா அங்க அண்டாவைக் கிண்டிட்டு இருப்பார். மஞ்சள், மிளகாய், வெங்காயம், உப்பு, கையில கிடைச்ச பொடி. ஆனாலும் அந்தக் கறிச்சோத்துக்கு நாக்கு ஏங்குது. ஏன்? சாமிக்கு நேர்ந்து விட்ட கிடாய். ஒரு ஊனமில்லாமப் பார்த்துப் பிடிச்சு, காட்டுல தழை மேய விட்டு, வீட்டுப் பிள்ளையா வளர்த்தது. பொறுக்கி எடுத்த அன்னைக்கே அந்த விருந்து முடிவாயிடுச்சு. தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஆடு பிடிச்சுக் கூறு போட்டுப் பங்குக்கறி எடுக்கிறாங்களே, அங்கேயும் ஆடு பிடிக்க யாரை அனுப்புறாங்க? நல்லா சமைக்கிறவரையா? பல்லைப் பிடிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவரை.

கடைசியா, எதிரணித் தம்பி செல்போனைக் காட்டி, “இப்ப வாங்குறதுக்கு என்ன திறமை வேணும், விரலால தட்டினா வீட்டுக்கு வந்துடும்”னு சொன்னார். கிலோ எண்ணூறு, ஆயிரம்னு விக்கிற காலத்துல, வாலும் தெரியாம, பல்லும் தெரியாம, ‘குழம்பு வெட்டு’ன்னு போட்ட படத்தைப் பார்த்து வாங்குறார் தம்பி. அங்கேயும் எவரோ ஒருத்தர் பொறுக்கித்தான் கட்டுறார். நம்ம கைக்குப் பதிலா முகம் தெரியாத ஒரு கை, அவ்வளவுதான் வித்தியாசம். கறி ரப்பரா இழுத்தா தம்பி யாருக்குப் போன் பண்ணுவார்? சமைச்ச அம்மாவுக்கா? அனுப்பினவங்களுக்கு!

நடுவர் அவர்களே, விருந்துக்குப் போன இடத்துல குழம்பு பிரமாதமா இருந்தா, சாப்பிட்டு எழுந்திரிக்கிற மனுஷன் ரெண்டு கேள்வி கேட்பார். “யார் சமையல்?” அது மரியாதைக்கு. கையைக் கழுவிட்டு, வீட்டுக்காரரைத் தனியா ஓரமாக் கூட்டிட்டுப் போய்க் கேட்பார், “கறி எந்தக் கடையில எடுத்தீங்க?” அது நாளைக்குத் தன் வீட்டுல சமைக்கிறதுக்கு. ஏன் அவர் மசாலா அளவைக் கேட்காம கடையைக் கேட்கிறார்? அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசட்டும்.

மணி அடிச்சிட்டாங்க. நன்றி, வணக்கம்.