ஞானம் வந்த பிறகும் அழுத பிள்ளை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆன்மாவும் பிரம்மமும் இரண்டல்ல, ஒன்றே என்னும் அத்வைதத்தில் கரை சேர்ப்பது ஞானமா, பக்தியா? பக்தியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "பக்தி நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி புளோக் மின்தூக்கி மாதிரி. பன்னிரண்டாம் மாடி வந்ததும் இறங்கிவிட வேண்டும். மின்தூக்கியை யாராவது வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவார்களா?" என்றார்.

சரி, மேலே போய்ச் சேர்ந்த ஒருவரையே கேட்போம்.

1896, மதுரை. சித்தப்பா வீட்டு மாடியில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன். திடீரென்று சாவு பயம். அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான். உதட்டை இறுக மூடினான். இந்த உடம்பு செத்தால் நான் சாவேனா என்று உள்ளே பார்த்தான். சாகாத ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. ஐயா, ஞானம் வந்தாயிற்று! எதிரணிக் கணக்குப்படி கதை அங்கேயே முடிய வேண்டும்.

முடிந்ததா? எழுந்த பையன் எங்கே போனான்? மீனாட்சி கோவிலுக்குப் போனான்! முன்பெல்லாம் எப்போதோ நண்பர்களோடு போனவன், இப்போது மாலைதோறும் தனியாகப் போனான். அறுபத்துமூவர் சிலைகளுக்கு முன்னால் கண்ணீர் வழிய நின்றான். இந்த அடியார்களின் பக்தி எனக்கும் வேண்டும் என்று கேட்டான். திரும்பச் சொல்கிறேன், ஞானம் வந்த பிறகு கேட்டான்! இறங்கிவிட வேண்டியவன் ஏன் ஐயா அழுதான்?

அந்தப் பிள்ளைதான் ரமண மகரிஷி. அருணாசலத்தை மணாளனாக நினைந்துருகி 108 கண்ணிகளில் அக்ஷரமணமாலை பாடியவர்.

அத்வைத ஆசான் சங்கரர் பெயரால் வழங்கும் விவேக சூடாமணி என்ற நூலும் முத்திக்கான சாதனங்களில் பக்தியே மேலானது என்கிறது. தன் சொரூபத்தை, அதாவது தன் உண்மை இயல்பை, நாடுவதே பக்தி என்று அடுத்து வருகிறதே என்பார்கள் எதிரணியினர். வரட்டும். அன்பு இல்லாமல் யார் எதை நாடுவார்கள்?

அப்புறம், ரமணரின் தாயை நினைத்துப் பாருங்கள். 1898இல் அழகம்மாள் மகனை வீட்டுக்கு வா என்று அழுது கூப்பிட்டார். விதிப்படியே நடக்கும் என்று எழுதிக் காட்டினார் மகன். ஆனால் 1914இல் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, அம்மாவைக் காப்பாற்று என்று அருணாசலத்திடம் பாட்டாக வேண்டினார். உடம்பு நானல்ல என்று கண்டவர், அம்மாவின் உடம்புக்காக வேண்டினார்! 1922இல் அம்மாவின் உயிர் பிரிந்த நாளில், நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து மணிக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்தார்.

இங்கே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் பால்குடம் எடுத்து, தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோவில் வரை வெறுங்காலோடு நடக்கும் அம்மாக்களை நமக்குத் தெரியும். அவர்கள் உபநிடதம் படித்ததில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும், பேரன் நன்றாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இந்த அரங்கில் பாதிப் பேர். நடுவர் அவர்களே, அந்த அம்மாக்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.