தொட்டியில் இருப்பதும் கணினியில் இருப்பதும்

(வணிகவியல் மாணவர்களும் இளம் தணிக்கையாளர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் தலைப்பைக் கொஞ்சம் கனமாகவே அச்சிட்டுவிட்டார்கள்: "எண்ணெய் நிறுவனங்களில் ஒருங்கிணைந்த நிதி முறைமைகளும் கணக்குத் தகவலின் தரமும்." இதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், உங்கள் பொறுமையை நம்பிப் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஈஆர்பி என்று நாம் சொல்லும் ஒருங்கிணைந்த முறைமை, அதாவது எல்லாத் துறைகளின் வேலையையும் ஒரே மென்பொருளில் இணைப்பது, ஒரு நிறுவனத்தின் கணக்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும். ஆனால் அந்தக் கணக்கு தொட்டிக்குள் கிடக்கும் எண்ணெயோடும், பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயோடும், ஒப்பந்ததாரரோடு நடந்த உண்மையான பேரத்தோடும் ஒத்துப்போகிறதா என்று அதற்குத் தெரியாது. சோப்புக் கம்பெனியிலும் இந்த இடைவெளி உண்டு. எண்ணெய்க் கம்பெனியில் அது மிக அகலம். ஏனென்றால் அங்கே பெரிய தொகைகள் எல்லாம் கணக்குத் துறைக்கு வெளியே, அளவுகோலிலும் மதிப்பீட்டிலும் பிறக்கின்றன.

முதலில் முறைமைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஒருங்கிணைப்பு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது? ஒரு டெர்மினலிலிருந்து இன்னொரு டெர்மினலுக்கு ரயில் வேகனில் டீசல் போகும். அனுப்பியவர் புத்தகத்தில் ஒரு தேதி, ஓர் அளவு. பெற்றவர் புத்தகத்தில் வேறு தேதி, வேறு அளவு. நடுவில் டெபிட் நோட்டும் கிரெடிட் நோட்டும் தபாலில் நடந்துகொண்டிருக்கும். எதற்கும் ஒத்துவராதது சஸ்பென்ஸ் கணக்கில் போய் உட்காரும். மார்ச் கடைசியில் மண்டல அலுவலகத்துக்காரர்கள் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு தலைமையகத்துக்கு வந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் அடிப்பார். அந்த வேலைக்கு 'ரெகன்சிலியேஷன்' என்று பெயர். அதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது.

2000-களின் முற்பகுதியில் இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் இதைவிட்டு வெளியே வந்தன. இந்தியன் ஆயில் தன் திட்டத்துக்கு 'மந்தன்' என்று பெயர் வைத்தது. ஓஎன்ஜிசி 'ஐஸ்' என்ற திட்டத்தில் எஸ்ஏபி மென்பொருளைக் கொண்டுவந்தது. பாரத் பெட்ரோலியமும் எஸ்ஏபிதான். டேங்கர் லாரி கேட்டைத் தாண்டும்போது இன்வாய்ஸ் அடித்தால், அதே நொடியில் ஸ்டாக் குறையும், டீலர் கணக்கில் பற்று ஏறும், எக்சைஸ் பொறுப்பு பதிவாகும். யாரும் இன்னொருமுறை எழுதத் தேவையில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 16 ஜூன் 2017 முதல் நாடு முழுக்க பெட்ரோல், டீசல் விலை தினசரி மாறத் தொடங்கியதே, நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய மாதம் ஐந்து ஊர்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். நம் பக்கத்துப் புதுச்சேரியும் அதில் ஒன்று. அதுவரை மாதம் இருமுறைதான் விலை மாறும். பல்லாயிரம் பங்க்குகளுக்கு ஒவ்வொரு நாளும் வேறு விலை. பழைய லெட்ஜர் முறையில் இதை யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அதேபோல் 2020 மார்ச்சில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, கையிருப்பின் மதிப்பை அடக்க விலையிலிருந்து சந்தையில் தேறும் விலைக்கு இறக்க வேண்டி வந்தது. இந்தியன் ஆயில் அந்தக் காலாண்டில் 5,185 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது; பெருங்காரணம் இந்த இன்வென்டரி சரிவு. மார்ச் 31 அன்று எந்தத் தொட்டியில், எந்தக் குழாயில், எந்தக் கப்பலில் எவ்வளவு சரக்கு என்று ஒரே இடத்தில் தெரியாவிட்டால் இப்படி ஒரு மதிப்பிறக்கத்தைக் கணக்கிடுவது பெரும்பாடு.

காலத்தோடு கிடைப்பது, ஒப்பிட முடிவது என்று நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் தரக்கூறுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஈஆர்பிக்கு நூற்றுக்கு எண்பது மார்க் தாராளமாகப் போடுவேன். உள்ளதை உள்ளபடி காட்டுவது என்று ஒரு கூறு இருக்கிறது. அங்கேதான் பேனாவை நிறுத்துகிறேன்.

ஒரு தொட்டியின் மேல் ஏறுவோம். 20 மீட்டர் விட்டமுள்ள பெட்ரோல் தொட்டி. சுற்றுப்படியில் ஏறி, மேலே உள்ள வாயைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய டேப்பில் பேஸ்ட் தடவி இறக்குகிறார் ஊழியர். பேஸ்ட் நிறம் மாறிய இடம்தான் மட்டம். இதைத்தான் 'டிப் எடுப்பது' என்கிறோம். அடியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேறு பேஸ்ட். பிறகு மாதிரி எடுத்து, ஹைட்ரோமீட்டரில் அடர்த்தியும் தெர்மாமீட்டரில் வெப்பமும் பார்க்கிறார். இந்தத் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 314 லிட்டர். ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் மூவாயிரம் லிட்டருக்கு மேல் போய்விட்டது.

வெப்பம் இன்னும் மோசம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.12 சதவீதம் விரியும். அதனால்தான் எல்லா அளவையும் 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கு வைக்கிறார்கள். தொட்டியில் 30 லட்சம் லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியை ஒரே ஒரு டிகிரி தவறாகப் பார்த்தால் சுமார் 3,600 லிட்டர் வேறுபாடு. எஸ்ஏபியின் எண்ணெய்த் துறைக்கான பகுதி இந்த மாற்றத்தை அழகாகச் செய்யும். பார்த்த லிட்டர், 15 டிகிரி லிட்டர், எடை என்று ஒரே சரக்கை மூன்று அலகிலும் சேர்த்துக் காட்டும். ஆனால் 31 டிகிரியா 30 டிகிரியா என்பதை அது எங்கிருந்து அறியும்? மேலே ஏறியவர் சொன்னதிலிருந்துதான்.

நான் பார்த்த ஓர் இடத்தில் பதிவேட்டைப் புரட்டினால், வாரக்கணக்கில் வெப்பநிலை 30.0 என்றே இருந்தது. ஊரில் மழை பெய்த நாளிலும் 30.0, வெயில் கொளுத்திய நாளிலும் 30.0. கணினியில் ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஏன் எரியும்? எண் இருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். கணக்கிருப்புக்கும் தொட்டியிருப்புக்கும் உள்ள வேறுபாடு அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் முறைமை அதை வழக்கமான இழப்பு என்று தானே பதிந்துவிடும். தாண்டினால் மேலதிகாரியின் ஒப்புதல் கேட்கும். ஆறே மாதத்தில் அந்த வரம்பு என்ன என்று எல்லோருக்கும் மனப்பாடம். பிறகு வேறுபாடுகள் எல்லாம் வரம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே வந்து நிற்கும். மாணவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு தரவு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமான எண்ணெய் அப்படி நடந்துகொள்ளாது.

(பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: "இப்போதுதான் ரேடார் கேஜ் வந்துவிட்டதே, சார். மனிதக் கையே படாதே?")

நல்ல கேள்வி. தொட்டியின் மட்டத்தை ரேடார் அலையால் தானே அளக்கும் கருவி அது. கை படாதுதான், அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கேஜைக் கடைசியாக அளவுத்திருத்தம் செய்தது எப்போது, தொட்டியின் அளவு அட்டவணையை எப்போது புதுப்பித்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். மனிதன் ஒருநாள் தவறுவான், மறுநாள் சரியாகப் படிப்பான். கருவி தவறினால் தினமும் ஒரே பக்கமாகத் தவறும். ஊற்றுக்கண் கலங்கினால் எல்லா மடையிலும் ஒரே கலங்கல்தான் பாயும். எந்த வயலோடு எதை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது?

இனி பூமிக்கடிக்குப் போவோம். எண்ணெய் வயலின் தேய்மானத்தை ஆண்டுக் கணக்கில் போடுவதில்லை. எடுத்த அளவுக்கேற்பப் போடுகிறோம். ஒரு வயலுக்கு 1,000 கோடி செலவு, அடியில் நிரூபிக்கப்பட்ட இருப்பு, அதாவது லாபகரமாக எடுக்க முடியும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லக்கூடிய அளவு, 10 கோடி பீப்பாய், இந்த ஆண்டு எடுத்தது ஒரு கோடி பீப்பாய் என்றால் தேய்மானம் 100 கோடி. இருப்பு உண்மையில் 8 கோடிதான் என்றால்? 125 கோடி. லாப நஷ்டக் கணக்கில் 25 கோடி புரண்டுவிட்டது. அந்த 10 கோடி பீப்பாய் என்பது பில்லும் இல்லை, ரசீதும் இல்லை. புவியியல் வல்லுநர்களின் மதிப்பீடு. முறைமையில் அது ஒரே ஒரு கட்டத்தில் நிரப்பும் எண்.

9 ஜனவரி 2004. ஷெல் நிறுவனம் தன் நிரூபிக்கப்பட்ட இருப்பில் 390 கோடி பீப்பாயை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதில் ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயு வயலும் ஒன்று. 1997-இலேயே அதை இருப்பாகக் காட்டிவிட்டார்கள். முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டதோ 2009-இல். மார்ச் 2004-இல் தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 12 கோடி டாலர், பிரிட்டன் அமைப்புக்கு 1.7 கோடி பவுண்டு அபராதம். அறிவிப்பு நாளில் ஷெல் சொன்னது என்ன தெரியுமா? நிதி அறிக்கைகளில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை என்று. பேரேட்டளவில் அது நியாயமாகவே இருக்கலாம். முதலீட்டாளர்கள் பேரேட்டை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குவதில்லையே! இருப்பு எவ்வளவு என்பதுதான் எண்ணெய்க் கம்பெனியைப் பற்றிய முதல் கேள்வி. அந்த எண்ணுக்கான உள்தணிக்கையைப் பகுதிநேரமாக ஒரே ஒரு முன்னாள் ஊழியர் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் பில்லுக்கு மூன்று கையெழுத்து கேட்கும் தொழிலில் இது.

கூட்டு முயற்சிக் கணக்கை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், நேரமாகிறது. ராஜஸ்தான் பார்மர் வயலில் இயக்குபவர் வேதாந்தாவின் கெய்ர்ன், பங்கு 70 சதவீதம், ஓஎன்ஜிசிக்கு 30. இயக்குபவர்தான் செலவு செய்வார்; மாதா மாதம் பில்லை அனுப்பிப் பங்கைக் கேட்பார். ஆக, ஓஎன்ஜிசியின் கணக்கில் அந்த வயல் சம்பந்தமாக வரும் எண்கள் இன்னொரு கம்பெனியின் முறைமையில் பிறந்தவை. நம் முறைமை எத்தனை கோடிக்கு வாங்கியது என்பதற்கும் அவற்றின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஒப்பந்தத்தில் உள்ள தணிக்கை உரிமையைக் காலாவதியாகும் முன் பயன்படுத்தினோமா என்பதில்தான் தரம் இருக்கிறது.

இப்போது பிரேசில். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பாடம் சொல்லிக்கொடுத்த வழக்கு, அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ். உலகின் பெரிய எஸ்ஏபி பயனாளர்களில் ஒன்று. எல்லாவற்றுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் உண்டு, வேலை முடிந்ததற்கான சான்று உண்டு, இன்வாய்ஸ் உண்டு. மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். 2014-இல் 'லாவா ஜாட்டோ' என்ற ஊழல் விசாரணை வெடித்தது. கட்டுமானக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து டெண்டர் விலையை ஏற்றி, ஏற்றியதில் ஒரு பங்கை அதிகாரிகளுக்கும் கட்சிகளுக்கும் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தணிக்கையாளரான பிடபிள்யூசி அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டுக் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தது.

நிறுவனத்தின் முன் ஒரு விசித்திரமான கணக்கு. சொத்து மதிப்பில் எவ்வளவு ரூபாய், மன்னிக்கவும், எவ்வளவு ரியால் லஞ்சம் கலந்திருக்கிறது? முறைமையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காது. பெட்ரோப்ராஸ் யாருக்கும் லஞ்சம் என்று பணம் தரவில்லையே. ஒப்பந்த விலையைத்தான் கொடுத்தது. லஞ்சம் ஒப்பந்ததாரர் கையிலிருந்து, வேறு புத்தகத்திலிருந்து போனது. மூன்று ஆவணமும் ஒத்துப்போனது பொய்யல்ல; மூன்றிலும் ஒரே ஏற்றிய விலை இருந்தது. கடைசியில் என்ன செய்தார்கள்? விசாரணையில் சொல்லப்பட்ட 3 சதவீதத்தை எடுத்தார்கள். 2004 முதல் ஏப்ரல் 2012 வரை 27 கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்களின் மொத்தத்தில் அந்தச் சதவீதத்தைப் போட்டார்கள். ஏப்ரல் 2015-இல் வெளியான கணக்கில் 620 கோடி ரியால் கழிக்கப்பட்டது. அதற்கு மேல் 4,460 கோடி ரியால் சொத்து மதிப்பிறக்கம். அப்ரெயு இ லிமா சுத்திகரிப்பு ஆலையும் காம்பெர்ஜ் வளாகமும் அதில் பெரும்பங்கு.

இதை நினைத்துப்பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பதிவு வைத்திருந்த முறைமை. இறுதியில் குத்துமதிப்பாக 3 சதவீதம். இதற்காக ஈஆர்பியைக் குறைசொல்ல மாட்டேன். விலை நியாயமா என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை. டெண்டர் திறந்த அறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கணக்குத் துறைக்கு அந்த அறையில் நாற்காலியே இல்லை.

நம் நாட்டில் 1 ஏப்ரல் 2023 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும், எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதோடு பதிவு செய்ய வேண்டும்; அந்தப் பதிவை அணைக்க வழி இருக்கக் கூடாது. தணிக்கையாளர் 11(ஜி) விதிப்படி அதுபற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். நல்ல விதி. இதன் வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள்: 31-ஐ 30 என்று திருத்தினால் தடம் இருக்கும், முதலிலேயே 30 என்று எழுதினால் தடமே இராது.

இருந்தாலும் தணிக்கையாளர் அறிக்கையில் இதுபற்றிய பத்தியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பல கம்பெனிகளின் அறிக்கைகளில் ஒரு வரி கண்ணில் படும்: பயனர் திரை வழியாகச் செய்த மாற்றங்களுக்குத் தடப்பதிவு இருந்தது, தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்த மாற்றங்களுக்கு இல்லை என்று. அதாவது முன்வாசலில் கேமரா, கொல்லைப்புறத்தில் இல்லை. அடுத்த வாரம் ஏதாவது ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, லாபத்தைப் பார்க்கும் முன் தணிக்கையாளர் அறிக்கையில் இந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், தரவுத்தளச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

நன்றி, வணக்கம்.