இபாடன் வகுப்பறையில் எழுந்த ஒரு குரல்

அவைக்கு வணக்கம். மேடையில் இருக்கும் தலைமையாசிரியர்களுக்கும், பின்வரிசையில் வசதியாக இடம் பிடித்துக்கொண்ட மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வணக்கம்.

'பாடமாக வைத்த நாவல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்த நாவலைப் பாடமாக வைக்கலாம் என்று நான் பேசப்போவதில்லை. அதற்குக் குழுக்கள் இருக்கின்றன. வைத்த நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளை ஏதோ ஒன்று சொல்கிறதே, அது நம் காதில் விழுகிறதா? என் கவலை அதுதான். அதைப் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் நைஜீரியாவுக்குப் போய்வர வேண்டும்.

வருடம் 1952. இபாடன் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி நாலு வருடம்தான் ஆகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று போய்க்கொண்டிருந்த ஆங்கில வகுப்பில் நைஜீரியாவில் நடக்கிற கதை ஒன்றும் இருந்தது. ஜாய்ஸ் கேரி எழுதி 1939-இல் வெளியான 'மிஸ்டர் ஜான்சன்'. கேரி நைஜீரியாவில் பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தவர். அவரை அட்டைப்படத்தில் போட்ட அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே சிறந்த நாவல் இதுதான் என்று எழுதியது. அதுவும் அதே 1952-இல்தான்.

கதை இது. ஜான்சன் ஓர் இளம் குமாஸ்தா. பாடுவான், ஆடுவான், கடன் வாங்கி விருந்து வைப்பான். வெள்ளைக்கார அதிகாரி ரட்பெக் மேல் உயிரையே வைத்திருப்பான். ரட்பெக் சாலை போடப் பணம் போதவில்லை என்றால் கணக்கில் தில்லுமுல்லு செய்து வழி காட்டுவான். கடைசியில் ஒரு கொலையில் மாட்டித் தூக்குத் தண்டனை. 'தூக்குக் கயிறு வேண்டாம், நீங்களே என்னை முடித்துவிடுங்கள்' என்று ரட்பெக்கிடம் மன்றாடுகிறான். ரட்பெக் சுட்டுவிடுகிறார்.

வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். 'இந்தப் புத்தகம் முழுவதிலும் நான் ரசித்த இடம் ஒன்றே ஒன்றுதான்: ஜான்சன் சுடப்பட்டுச் செத்த இடம்' என்றான். ஆசிரியர் திகைத்துப்போனார்.

சொன்னவன் பெயர் நமக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்து கேட்டவர் பெயர் தெரியும்: பின்னாளில் நைஜீரியாவின் புகழ்பெற்ற நாவலாசிரியரான சினுவா அச்செபே. 1998-இல் ஹார்வர்டில் பேசும்போதும் அச்செபே இந்த வகுப்பை மறக்கவில்லை. அந்த நண்பனைப் போலவே நாங்கள் எல்லோரும் எரிச்சலில்தான் இருந்தோம் என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நைஜீரியன் சாகிறான், நைஜீரியப் பையன் சந்தோஷப்படுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் கல்நெஞ்சன் என்று தோன்றும். அவன் ஜான்சனை வெறுக்கவில்லை. 'எங்கள் ஊரில் இப்படி ஒரு ஆள் கிடையாது, இது யாரோ செய்து வைத்த பொம்மை' என்றுதான் சொல்கிறான். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கேரிக்கு ஜான்சன் மேல் வன்மம் இல்லை, பிரியம்தான் இருந்தது. அந்தப் பிரியத்தைத்தான் பையன்களால் தாங்க முடியவில்லை. சாகும்போதுகூட எஜமானுக்கு நன்றி சொல்கிற குழந்தையாகத் தங்களை ஒருவர் நேசித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இதே அச்செபே பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தார் தெரியுமா? அவர் படித்தது உமுவாஹியா அரசுக் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் உயர்நிலைப் பள்ளி. அங்கே வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பாடப்புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சட்டம்! நூலகத்துக் கதைப்புத்தகம்தான் படிக்கலாம். (தலைமையாசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.) ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகார்டின் ஆப்பிரிக்கச் சாகசக் கதைகளை அச்செபே விழுந்து விழுந்து படித்தார். படிக்கும்போது யார் பக்கம்? வெள்ளைக்காரர் பக்கம். அவர்கள் வீரர்கள், புத்திசாலிகள். எதிரே நிற்கும் காட்டுமிராண்டிகள் தோற்கவேண்டும். அந்தக் காட்டுமிராண்டி தானேதான் என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றவே இல்லை என்று பிற்பாடு எழுதினார். ஜான்சன் வந்தபோது விஷயம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நம் அப்பா காலத்துக் குமாஸ்தா, நம் ஊர், நம் ஜனம். இனி எந்தப் பக்கம் நிற்பது?

அந்த வகுப்பு முடிந்து ஆறு வருடத்தில், 1958-இல், அச்செபே எழுதிய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் வெளிவந்தது. என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழில் கிடைக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மாவட்ட ஆணையர், கதாநாயகன் ஒகோங்க்வோவின் மொத்த வாழ்க்கையையும் தான் எழுதப்போகும் புத்தகத்தில் ஒரு பத்தியில் அடக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போகிறார். நாம் அப்போதுதான் இருபத்தைந்து அத்தியாயம் படித்து முடித்திருப்போம்! அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இபாடன் வகுப்புதான் ஞாபகம் வரும்.

அப்புறம் இந்த நாவலே உலகமெங்கும் பாடமாயிற்று. மாணவர் வாய்க்கு அச்செபேயும் தப்பவில்லை. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் ஊரிலிருந்து பள்ளிப்பிள்ளை ஒருவன் அவருக்குக் கடிதம் போட்டான். ஓர் ஆப்பிரிக்கப் பழங்குடியின் சடங்குகளையும் மூடநம்பிக்கைகளையும் தெரிந்துகொண்டதில் சந்தோஷமாம். 1975-இல் அமெரிக்காவின் அம்ஹர்ஸ்டில், ஆப்பிரிக்காவை வைத்து 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதிய ஜோசப் கான்ராடைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையின் தொடக்கத்திலேயே அச்செபே அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டார். யாங்கர்ஸிலும் விசித்திரமான சடங்குகளும் மூடநம்பிக்கைகளும் உண்டு, தம்பிக்குத்தான் அது கண்ணில் படவில்லை என்று சிரித்துக்கொண்டே குட்டினார்.

இபாடன் பையன் சொன்னது கூர்மை, யாங்கர்ஸ் பையன் சொன்னது அசட்டுத்தனம் என்று மார்க் போட்டுவிடலாம். எனக்கு அந்த அவசரம் இல்லை. யாங்கர்ஸ் பையன் மனதில் பட்டதை அப்படியே எழுதினான். அதனால்தான் அவனுக்குப் பதில் சொல்ல முடிந்தது. நோட்ஸைப் பார்த்து நாலு பக்கம் எழுதியிருந்தால் அவன் என்ன படித்தான் என்பது கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் கதைக்கு வருகிறேன். இந்த நாவலை நான் கல்லூரியில் நடத்துகிறேன். 'ஒகோங்க்வோவின் பண்புநலன்களை விளக்குக' என்று கேள்வி வரும். விடைத்தாளைத் திறந்தால் முன்னுரை, வீரம், உழைப்பு, முன்கோபம், முடிவுரை. ஐம்பது தாளிலும் அதே வரிசை, அதே உபதலைப்பு, கீழே அதே ஸ்கெட்ச் பேனா கோடு.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: "சார், நான் ஏழாவது அத்தியாயத்தோட மூடி வச்சிட்டேன். அந்தாளைப் பிடிக்கல."

ஏழாவது அத்தியாயத்தில்தான் இகெமெஃபுனா சாகிறான். ஒரு கொலைக்கு ஈடாகப் பக்கத்து ஊர் கொடுத்த சிறுவன். மூன்று வருடம் ஒகோங்க்வோ வீட்டில் வளர்ந்தவன். 'உன்னை அப்பா என்று கூப்பிடுகிறான், அவன் சாவில் நீ கை வைக்காதே' என்று ஊர்ப் பெரியவர் எச்சரித்தும் ஒகோங்க்வோ கூடவே போகிறான். காட்டில் முதல் வெட்டு விழுந்ததும் பையன் 'அப்பா' என்று அலறிக்கொண்டு அவனை நோக்கித்தான் ஓடிவருகிறான். கோழை என்று ஊர் சொல்லிவிடுமோ என்று பயந்து ஒகோங்க்வோவே வெட்டிவிடுகிறான்.

நான் பதில் சொல்வதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அங்கதான் அவன் மகனுக்கும் விட்டுப்போச்சு சார்" என்றான். சரிதானே! மகன் நோயேவுக்குள் அன்றைக்கு ஏதோ அறுந்துபோகிறது. பின்னால் பாதிரிமாரோடு போய்விடுகிறான். புத்தகத்தை மூடிய பெண், தனக்குத் தெரியாமலே அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிற ஒருவன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். 'நோயே வருகிற பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வாம்மா' என்றேன். மறுநாள் வந்து, "அவன் போனது சரிதான் சார்" என்றாள். 'அப்பனை விட்டுட்டு வேத்து சாமிகிட்டப் போறது சரியா?' என்று பாதி வகுப்பு அவள்மேல் பாய்ந்தது. மணி அடித்தும் அடங்கவில்லை. அந்தச் சண்டையில் வந்த நியாயங்களை நான் எந்த நோட்ஸிலும் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு முன்னால் அந்தப் பெண் வந்தாள். பண்புநலன் கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்று கேட்டாள். "வகுப்பில் சொன்னதையே எழுது" என்றேன்.

"மார்க் வருமா சார்?"

இங்கே வினாத்தாள் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அவள் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள், பதிலைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.