அபர்டீனிலிருந்து வந்த கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாடுகடத்தல் என்றதும் கப்பலேற்றி அனுப்புவதுதான் நினைவுக்கு வரும். சாமுவேல் ரதர்ஃபோர்டை 1636-இல் சொந்த நாட்டுக்குள்ளேயே நாடுகடத்தினார்கள்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் ஆன்வொத் என்ற சிற்றூர். 1627 முதல் அங்கே அவர் ஆயர். பிரஸ்பிட்டேரியன், அதாவது ஆயர்களும் மூப்பர்களும் கூடிச் சபையை நடத்தட்டும், மேலே பேராயர் வேண்டாம் என்ற கட்சி. அரசர் முதலாம் சார்லஸுக்கோ பேராயர்கள் வேண்டும். பேராயர் சிட்செர்ஃப் அவரை விசாரணைக்கு இழுத்தார். தீர்ப்பு என்ன? ஆயர் பொறுப்பு போயிற்று. ஸ்காட்லாந்தில் எங்கும் பிரசங்கிக்கக் கூடாது. வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீனில் போய் இருக்க வேண்டும்.

கவனியுங்கள், பூட்டியது வாயை மட்டும்தான். தெருவில் நடக்கலாம், எழுதலாம். மனிதர் எழுதித் தள்ளினார். தொகுப்பில் உள்ள 365 கடிதங்களில் ஏறத்தாழ 220 அங்கே எழுதியவை. ஒன்றரை ஆண்டுதான் இருந்தார். வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உறை கிடையாது. தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறம் பெயரெழுதி, அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். வாங்கியவர்கள் பிரதியெடுத்துக் கைமாற்றினார்கள். பிரசங்கபீடத்துக்கு எட்டாத வீடுகளுக்கும் அவர் குரல் போயிற்று. தடை போட்டவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை போலும்!

சில கடிதங்களின் அடியில் இடப்பெயர் 'கிறிஸ்துவின் அரண்மனை, அபர்டீன்'. வீம்பு இல்லாமலில்லை. ஆனால் ஞாயிறு வந்தால் வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருப்பது அவரை அரித்தது. ஆன்வொத் கோவிலில் கூடு கட்டும் குருவிகள் பாக்கியசாலிகள் என்று எழுதினார். நம் வேதாகமத்தில் 84-ஆம் சங்கீதம் படித்தவர்களுக்கு 'அடைக்கலான் குருவி' உடனே நினைவுக்கு வரும், அங்கிருந்து எடுத்ததுதான். தடித்தடியாக அவர் எழுதிய இறையியல் நூல்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தக் குருவி பெரிது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். 1638-இல் ஊர் திரும்பினார். அரசனும் சட்டத்துக்குக் கீழ்தான் என்று வாதிடும் அவருடைய நூல் 'லெக்ஸ், ரெக்ஸ்' 1644-இல் வந்தது. வாயடைக்கப்பட்ட இதே மனிதர் 1649-இல் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு எதிராக ஒரு நூல் எழுதினார், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1660-இல் முதலாம் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியதும் 'லெக்ஸ், ரெக்ஸ்' எரிக்கப்பட்டது. ராஜத்துரோகக் குற்றத்துக்கு அழைப்பு வந்தபோது ரதர்ஃபோர்டு மரணப்படுக்கையில் இருந்தார். 1661 மார்ச்சில் இறந்தார். கடிதங்களை 1664-இல் அச்சேற்றியவர் அவருடைய பழைய செயலாளர் ராபர்ட் மக்வார்ட். அவரும் அப்போது நாடுகடத்தப்பட்டு ஹாலந்தில் இருந்தார். வணக்கம்.