ஏரிக்குள் தினமும் ஓர் ஏற்ற இறக்கம்

நேயர்களுக்கு வணக்கம். பொழுது சாய்ந்ததும், ஆழமான நன்னீர் ஏரிகளில் எண்ணிலடங்காத சிறு உயிர்கள் கீழிருந்து மேல்மட்டத்துக்கு ஏறி வருகின்றன. விடிவதற்குள் மறுபடி இறங்கிவிடுகின்றன. இவற்றை விலங்கு மிதவையுயிரிகள் என்கிறோம். நன்றாக ஆராயப்பட்டது டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு. சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற உடலுக்குள் ஒற்றைக் கரிய கண், படபடவென்று அடிக்கும் இதயம், தின்ற பாசியால் பச்சையேறிய குடல் எல்லாம் தெரியும்.

அந்தக் கரிய கண்ணும் பச்சைக் குடலும்தான் அதற்கு ஆபத்து. மீன்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கின்றன. அதனால் பகலில் இருட்டான ஆழத்தில் பதுங்குவது நல்லது. ஆனால் கீழே குளிர், தீனியும் குறைவு, முட்டை வளர நாளாகும். மீன் பயம் இல்லையென்றால் யார் இறங்குவார்கள்? போலந்தின் ஆய்வாளர் கிளிவிச் 1986இல் டாட்ரா மலை ஏரிகளை ஒப்பிட்டார். மீன் நெடுங்காலமாக வாழும் ஏரிகளில் மிதவையுயிரிகளின் ஏற்ற இறக்கம் அதிகம். மீனே இல்லாத ஏரிகளில் அது இல்லை.

மீன் இருப்பது எப்படித் தெரிகிறது? தண்ணீரில் கரைந்த வேதிப்பொருளால். கெண்டை இன மீன்களிடமிருந்து வரும் ஒரு பித்த உப்பை டாப்னியா உணர்ந்து ஆழத்துக்குப் போகிறது என்று 2019இல் கண்டறிந்தார்கள். கொழுப்பைச் செரிக்கப் பித்த உப்பு வேண்டும்; எனவே மீனால் இந்தத் தடயத்தை எளிதில் மறைக்க முடியாது.

சரி, இந்த ஏற்ற இறக்கத்தில் ஆக்சிஜனுக்கு என்ன பங்கு? வெயில் காலத்தில் சூடான, லேசான நீர் மேலே நிற்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். இரண்டும் கலக்காது. மேலிருந்து விழும் செத்த பாசி அடியில் மட்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் அந்தப் பக்கம் வராது. டாப்னியாவோ ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினைக் கூட்டி உடலைச் சிவப்பாக்கிக்கொண்டு அங்கே தாக்குப்பிடிக்கும். மீன் நுழையாத இடம் அதற்குப் பாதுகாப்பான மறைவிடம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிவப்போடு வெளிச்சத்துக்கு வந்தால் மீன் கண்ணில் இன்னும் சுலபமாகப் படும்.

ஆக்சிஜன் அறவே தீர்ந்தால் கதை மாறும். டாப்னியாவாலும் அங்கே இருக்க முடியாது. வெளிச்சமுள்ள நடு அடுக்குக்கு ஏற வேண்டிவரும்; மீனும் அங்கேயே திரிகிறது. அப்புறம் இன்னொரு எதிரி இருக்கிறது: கேயோபோரஸ் என்னும் கொசு போன்ற பூச்சியின் இளம்புழு. ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பகலைக் கழிக்கும். இரவில் மேலே வந்து வேட்டையாடும். மீன் இல்லாமல் இப்படிப்பட்ட எதிரி மட்டும் இருக்கும் நீரில், சில மிதவையுயிரிகள் தலைகீழாகப் பகலில் மேலே, இரவில் கீழே இருப்பதும் உண்டு.

பகலில் மட்டும் மேல்நீரில் வலை வீசி, ‘இங்கே மிதவையுயிரி குறைவு’ என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். இரவும் பகலும், ஆழம் ஆழமாக, ஆக்சிஜன் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர், மிதவெப்பப் பகுதி ஏரிகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வின்படி, 1980 முதல் ஆழ்நீர் ஆக்சிஜன் 18.6 சதவீதம் குறைந்திருக்கிறது. மறைவிடமும் அதோடு இடம் மாறும். டாப்னியா பாசியை மேய்வதால் நீரின் தெளிவும் பாதிக்கப்படலாம்.

அடிநீரில் ஆக்சிஜன் செலுத்தும் கருவிகள் சில நீர்த்தேக்கங்களில் உண்டு. அதனால் டாப்னியாவுக்கு ஆழத்தில் இடம் கிடைக்கும். குளிர்நீரை விரும்பும் மீனுக்கும் அதே கதவு திறக்கும். எனவே கருவியைப் பொருத்துமுன், அந்த நீரில் என்ன மீன் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நன்றி, வணக்கம்.