எதுகை போன பிறகும்

நேயர்களுக்கு வணக்கம்.

யாப்பில் அமைந்த பாட்டு ஏன் மனத்தில் நிற்கிறது என்று சொல்வது எளிது. ஓர் அடி மறந்தாலும் எதுகை அதை மீட்டுத் தந்துவிடும். புதுக்கவிதை அந்தத் துணையைத் தானாகவே கைவிட்டது. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் இத்தகைய கவிதைகளுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தது. எதுகை இல்லாமல் இவை எப்படி மனப்பாடமாகும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் பல கவிதைகள் நின்றுவிட்டன.

கவிஞர் பிரமிளின் ‘காவியம்’ உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தலைப்புதான் காவியம், உள்ளே இருப்பது 12 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். பறவையை விட்டுப் பிரிந்த இறகு காற்றில் எழுதிச் செல்லும் காட்சி. அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘சிறகிலிருந்து பிரிந்த / இறகு ஒன்று / காற்றின் / தீராத பக்கங்களில் / ஒரு பறவையின் வாழ்வை / எழுதிச் செல்கிறது.’ சிறகு, இறகு, ஒன்று, காற்று, பறவை என்று றகரம் மீண்டும் மீண்டும் வந்து, ‘செல்கிறது’ என்பதில் முடிகிறது. ஓசை எங்கும் போய்விடவில்லை. அடியின் தொடக்கத்தில் நின்றது, சொற்களுக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வினைமுற்று. தமிழ் வாக்கியத்தில் அது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அன்றாடப் பேச்சில் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. கவிஞரோ அந்த இயல்பையே கருவியாக்குகிறார். எது, எங்கே, எதை என்று வரிவரியாகத் தெரிகிறது. என்ன செய்கிறது என்பது மட்டும் இறுதி வரிவரை தெரிவதில்லை. அதுவரை காத்திருந்த மனம் அந்த வினையை எளிதில் விடுவதில்லை. வரியை எங்கே முறிப்பது என்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. உரைநடையைக் கண்ட இடத்தில் ஒடித்து அடுக்கினால் இந்தக் காத்திருப்பு பிறக்காது.

ஒரு படிமம், அதாவது சொற்களால் மனத்தில் எழும் காட்சி, எத்தனை காலம் வாழும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீரை அவர் சொன்ன தொடரே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. அந்த நீர் மண்ணோடு கலந்ததைச் சொன்னவர் அதற்கு உரை எழுதவில்லை. இன்று எழுதுகிறவர்களில் சிலர் நல்ல படிமம் ஒன்றைத் தந்துவிட்டு, அடுத்த வரியிலேயே அதன் பொருளையும் சொல்லிவிடுகிறார்கள். வாசகருக்கு உரிய வேலையை அவரிடமிருந்து பறிப்பது அது. அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

நன்றி, வணக்கம்.